வாரம் ஒரு சாஷேயா, தினம் ஒரு மாத்திரையா?

29 வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். அதுவரை தொடை வலிக்கெல்லாம் ஆபீஸ் நாற்காலியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெயிலில் நிற்கலாமே என்பது எல்லோரும் சொல்வது. இலவசம்தான். ஆனால் உச்சி நேரத்தை ஒட்டிய வெயில் வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது பயன்படாது. மொட்டை மாடியில் நான்கு நாள் நின்றேன். ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு மீட்டிங்.

அடுத்தது 60,000 ஐயூ (வைட்டமினை அளக்கும் அலகு) சாஷே, அதாவது பொடிப் பொட்டலம். ஞாயிறுதோறும் பாலில் கலக்கி எட்டு வாரம். அளவு 38-க்கு ஏறியது. பள்ளத்தை வேகமாக நிரப்பிவிட்டது, குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் அதற்கப்புறம். இனி மாதம் ஒன்று போதும் என்றார் டாக்டர். ஞாயிறு ஞாயிறாக என்றால் நினைவிருக்கும். மாதம் ஒன்று எந்தத் தேதியில் என்று யாருக்கு ஞாபகம்? இரண்டு மாதம் போட்டேன், மூன்றாவது மறந்தேன், பிறகு சாஷே வாங்கவே இல்லை. ரத்தத்தில் இருக்கும் டி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஏழாவது மாதம் பார்த்தால் 16. மறதி இன்னொரு பக்கமும் திரும்பும்: வாரம் ஒன்றை தினம் ஒன்றாக விழுங்கி, கால்சியம் எகிறி, சிறுநீரகம் வரை போனவர்கள் உண்டு.

இப்போது தினம் 1,000 ஐயூ மாத்திரை. அட்டை ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, மதியச் சாப்பாடு முடிந்ததும் கை தானாகப் போகிறது. டி கொழுப்பில் கரைவது, அதனால் சாப்பாட்டோடு போடுவதே நல்லது. ஒரு நாள் விட்டுப்போனாலும் குடிமுழுகாது. ஓராண்டாக 30-ஐ ஒட்டியே நிற்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

எலும்பு அடர்த்தி? எலும்பு உச்ச வலுவை எட்டுவது ஏறக்குறைய 30 வயதுக்குள், ஆகவே கவலை நியாயம்தான். ஆனால் டோஸைக் கூட்டினால் அடர்த்தி கூடும் என்று நம்ப வேண்டாம். கனடாவின் கால்கரியில் 400, 4,000, 10,000 ஐயூ என்று மூன்றாண்டு தினமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. அதிக டோஸ் எடுத்தவர்களுக்கு முன்கை எலும்பின் அடர்த்தி குறைந்தே இருந்தது. அவர்கள் 55 வயது தாண்டியவர்கள், அதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் நான் எடுக்கவில்லை, இந்த வயதில் தேவையில்லை என்றுவிட்டார் டாக்டர். தொடை வலி போய்விட்டது. ஆனால் அதே சமயத்தில்தான் லிஃப்டை விட்டுப் படியேறத் தொடங்கினேன், பெயர் முழுவதையும் மாத்திரைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.