எச்ஜி19 காலத்திலிருந்து ஜீனோம் பிரௌசர்களோடு

என் கணினியில் மூடாமலே கிடக்கும் டேப் ஒன்று உண்டு. பதினொன்றாம் குரோமோசோமின் ஒரு மூலை, பீட்டா குளோபின் மரபணு. மொத்தமே ஆயிரத்து அறுநூறு டிஎன்ஏ எழுத்துச் சொச்சம்தான். தலசீமியா, சிக்கிள் செல் மாதிரி ரத்தக் கோளாறுகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்யும் வேலை என்பதால் பத்து வருடத்துக்கு மேலாக இந்த ஒரே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்தச் சுற்றலில் எந்தக் கருவி கை கொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதிவைக்கத் தோன்றியது.

ஜீனோம் பிரௌசர் என்றால், ஓர் உயிரினத்தின் முழு டிஎன்ஏ எழுத்து வரிசையையும் வரைபடம் மாதிரி உலாவிப் பார்க்கும் கருவி. அதில் நான் அதிகம் திறப்பது யூசிஎஸ்சி ஜீனோம் பிரௌசர். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2000 ஜூலை 7 அன்று மனித ஜீனோமின் முதல் வரைவை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டவர்கள் இவர்கள். துண்டு துண்டாகக் கிடந்த வரிசைகளைக் கோத்த நிரலை எழுதியவர் ஜிம் கென்ட், அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவர். இந்த பிரௌசரும் அவர் கைவேலைதான். பார்ப்பதற்கு இன்றும் பழைய காலத்து ஆள் மாதிரிதான் இருக்கும். முதல் நாள் திறந்தபோது கீழே வரிசைகட்டி நின்ற டிராக்குகளை, அதாவது ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் ஒன்றாக இருக்கும் வரிகளை, பார்த்து மிரண்டுபோனேன். சரி, ஒரு வழி இருக்கிறது: முதலில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, மரபணு, கிளின்வார் (நோயோடு தொடர்புள்ள மாற்றங்களின் பட்டியல்), டிபிஎஸ்என்பி (தெரிந்த மாற்றங்களின் பட்டியல்), உயிரினங்களுக்கிடையே மாறாத பகுதிகள் என்று நான்கை மட்டும் திறந்து, அதை செஷனாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நாம் ஏற்றும் சொந்த டிராக்குகளையும் செஷனில் சேர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் காணாமல் போகும், எனக்குப் போயிருக்கிறது.

இனி என் மானம் போன கதை. ஒரு பழைய கட்டுரையில் சிக்கிள் செல் பிறழ்வின் இடம் 5248232 என்று இருந்தது. அதை அப்படியே தேடல் பெட்டியில் போட்டேன், பிரைமர் (அந்த இடத்தைப் பிடித்து நகலெடுக்க உதவும் குட்டி டிஎன்ஏ துண்டு) வடிவமைத்தேன், ஆர்டரும் போட்டேன். பிசிஆரில், அதாவது டிஎன்ஏவை நகலெடுக்கும் சோதனையில், பட்டை அழகாக வந்தது. வரிசைப்படுத்திப் பார்த்தால் எதிர்பார்த்த எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. மாதிரிக் குழாய் மாறிவிட்டதா, ஆள் மாறிவிட்டதா என்று சக ஊழியரோடு இரண்டு நாள் வாக்குவாதம் வேறு. கடைசியில் அந்த வரிசையை, அது ஜீனோமில் எங்கே பொருந்துகிறது என்று தேடித் தரும் பிளாட்டில் ஒட்டிப் பார்த்தேன். அது போய் நின்ற இடம், காமா குளோபின் மரபணு ஒன்றின் வால் பக்கம்!

கட்டுரை எழுதப்பட்டது எச்ஜி19 காலத்தில், அதாவது 2009-இல் வந்த மனித ஜீனோம் வரைவை வைத்து. என் திரையில் இருந்தது 2013 டிசம்பரில் வந்த எச்ஜி38. புதிய வரைவில் அதே எழுத்தின் இடம் 5227002. நடுவில் 21,230 எழுத்து வித்தியாசம். தப்பிப் போய் விழுந்த இடமும் இன்னொரு குளோபின் மரபணுவின் பக்கத்திலேயே இருந்ததால் கண்ணுக்கு எதுவும் உறுத்தவில்லை. நடுக்காட்டில் போய் விழுந்திருந்தால் அன்றே விழித்திருப்பேன். எந்த வரைவு என்பது பக்கத்தின் மேலேயே எழுதித்தான் இருக்கிறது, ஆனால் படிக்க வேண்டுமே.

அடுத்த குழி, இழை. டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். பிரௌசர் காட்டுவது அதில் ஒன்றை, பீட்டா குளோபினோ எதிர் இழையில் எழுதப்பட்ட மரபணு. பாடப்புத்தகத்தில் ஜிஏஜி, ஜிடிஜி ஆக மாறியது என்று படித்துவிட்டு வருகிறவருக்கு, திரையில் சிடிசி, சிஏசி ஆனதாகத் தெரியும். ஏ இருந்த இடத்தில் டி வந்தது என்பது இங்கே டி இருந்த இடத்தில் ஏ வந்தது. படத்துக்குக் கீழே இருக்கும் ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினால் புத்தகமும் திரையும் ஒத்துப்போகும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பொத்தானைத்தான்.

ஜீனோமில் இடங்களைப் பட்டியலிடும் பெட் கோப்புகளில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், தேடல் பெட்டியில் ஒன்றில் தொடங்கும். அதனால் 5227002-ஐக் குறிக்க, தொடக்கம் 5227001, முடிவு 5227002 என்று எழுத வேண்டும். காரணம் கேட்டால் கணினிக்காரர்கள் அரைமணி நேரம் விளக்குவார்கள். மனப்பாடம் செய்துவிடுவது சுலபம்.

இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனிலிருந்து வரும் என்செம்பிள் என்ற இன்னொரு ஜீனோம் பிரௌசர் தளத்துக்கு நான் போவது பெரும்பாலும் விஇபி என்ற கருவிக்காக. மாற்றங்களின் பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் புரதத்தை என்ன செய்யும் என்று அட்டவணையாகத் தந்துவிடும், அதில் குறையே சொல்ல மாட்டேன். உலாவிப் பார்க்க மட்டும் எனக்கு அது ஒட்டவில்லை, பழக்கதோஷமாக இருக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: யூசிஎஸ்சியில் குரோமோசோம் பெயருக்கு முன்னால் சிஎச்ஆர் என்று இருக்கும், என்செம்பிளில் வெறும் 11. இந்த மூன்றெழுத்தால் ஒன்றும் பொருந்தாமல் காலியாக வந்த கோப்புகளுக்குக் கணக்கே இல்லை.

நோயாளியின் தரவைப் பார்க்க ஐஜிவி-வெப். பிராட் இன்ஸ்டிடியூட்டில் பிறந்த ஐஜிவியின் இணைய வடிவம். நம் கணினியில் இருக்கும் பேம் கோப்பையும் (நோயாளியின் டிஎன்ஏவிலிருந்து படித்த துண்டுகள் இருக்கும் கோப்பு) அதன் இன்டெக்ஸையும் தேர்ந்தெடுத்தால், எங்கேயும் ஏற்றாமல் பிரௌசரே படித்துக் காட்டும். நோயாளி விவரத்தைக் கையாளும் எங்களுக்கு இது பெரிய நிம்மதி. படித்த ஒவ்வொரு துண்டும் ஒரு சாம்பல் நிறப் பட்டையாக, அடுக்கடுக்காக நிற்கும். மாறிய எழுத்து மட்டும் நிறம் காட்டும்: ஏ பச்சை, சி நீலம், டி சிவப்பு, ஜி ஆரஞ்சு. சிக்கிள் செல் பிறழ்வைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு, பட்டைகளில் ஏறக்குறைய பாதியில் ஒரே நேர்கோட்டில் பச்சை இறங்கும்.

ஆனால் ஆல்பா குளோபின் பக்கம் போனால் கதை வேறு. பதினாறாம் குரோமோசோமில் எச்பிஏ1, எச்பிஏ2 என்று அச்சு அசலாக இரட்டையர் மாதிரி இரண்டு மரபணுக்கள். குட்டித் துண்டுகள் எதற்குச் சொந்தம் என்று மென்பொருளுக்கே தெரியாது, அதனால் பல பட்டைகள் உள்ளீடற்ற வெள்ளைக் கட்டங்களாக நிற்கும். வெள்ளை என்றால் நம்பாதே என்று அர்த்தம். அங்கே ஒரு மாற்றம் தெரிகிறது என்று துள்ளிக் குதித்து வருகிறவரிடம் முதலில் நிறத்தைத்தான் கேட்பேன். அந்த இடத்துக்கு வேறு பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும்.

ஜேபிரௌஸ் 2-வும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தேன். மனிதரல்லாத உயிரினங்களின் ஜீனோமைச் சொந்த சர்வரில் வைத்துக் காட்ட விரும்புகிறவர்களுக்கு நல்லது. எங்கள் வேலைக்குத் தேவைப்படவில்லை. யூசிஎஸ்சி மெதுவாக இருந்தால் ஜப்பானில் இருக்கும் அதன் ஆசியப் பிரதியைத் திறந்து பாருங்கள், இங்கிருந்து பெரும்பாலும் அதுதான் வேகம்.

இடைவெளியே இல்லாமல் படிக்கப்பட்ட டி2டி வரைவும் இப்போது யூசிஎஸ்சி பட்டியலில் எச்எஸ்1 என்ற பெயரில் இருக்கிறது. எங்கள் அறிக்கைகள் இன்னும் எச்ஜி38-இல்தான் போகின்றன. வெளியிலிருந்து வருபவை அதற்கும் பழையவை. போன வாரம் வந்த ஒன்றில் வரைவின் பெயரே இல்லை, 5248155 என்ற எண் மட்டும்தான். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு அதிகம் காணப்படும் ஐவிஎஸ் 1-5 பிறழ்வின் எச்ஜி19 முகவரி அது. 21,230-ஐக் கழித்து 5226925 என்று ஓரத்தில் எழுதினேன். பக்கத்தில் இருந்த பெண், வரைவு விட்டு வரைவுக்கு முகவரியை மாற்றித் தரும் லிஃப்ட்ஓவரிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.