பெல்லட்டை ஒரே ஆழத்தில் வைப்பது: நான்கு வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டின எங்கள் தோப்பில் பழைய மாட்டுச்சாளைதான் எனக்கு ரேஞ்ச், சுட்டுப் பழகும் இடம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டையையே பிய்த்துப் போடும், வெளியே சுட வழியில்லை. சாளைக்குள் 10 மீட்டர் அளந்து கோடு போட்டேன். பேரலை மடக்கும் ஸ்பிரிங் ஏர் ரைபிள், 4.5 மி.மீ., தட்டைத்தலை பெல்லட், அதாவது குட்டி ஈயக்குண்டு.

முதல் ஒன்றரை வருடம் பெல்லட்டைக் கட்டைவிரலால்தான் பேரலுக்குள் அழுத்தினேன். பத்து சுட்டால் எட்டு ஒரே இடத்தில் விழும், இரண்டு மட்டும் ஒரு வளையம் கீழே இறங்கும். மூச்சு, டிரிக்கர் என்று என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்பிரிங் ஏறாத அளவுக்குப் பேரலைக் கொஞ்சம் மடக்கி, பெல்லட் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்று பிரீச் முகத்தோடு, அதாவது பெல்லட் நுழைக்கும் பின்வாயோடு, சமமாக இருந்தது. அடுத்தது விரல்சதை போன அளவுக்கு உள்ளே. இன்னொன்றின் பாவாடை, அதாவது விரிந்த பின்பக்கம், மயிரிழை வெளியே நின்றது. அதை மூடித் திறந்து, கம்பியால் தள்ளி எடுத்தால் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது.

பொள்ளாச்சி லேத் பட்டறையில் நைலானில் மூன்று குச்சிகள் கடையச் சொன்னேன். "இவ்வளவு குட்டி மூக்கு எதுக்குங்க?" என்றார் பட்டறைக்காரர். மூக்குதான் பெல்லட்டைத் தள்ளும் முனை, அதற்குப் பின்னால் அகலமான தோள் இருக்கிறது. அது பிரீச்சில் முட்டினதும் குச்சி நின்றுவிடும், யார் அழுத்தினாலும் ஆழம் மாறாது. ஒன்று சமமாக வைக்கும், மற்றவை 1 மி.மீ., 2 மி.மீ. உள்ளே தள்ளும்.

என் துப்பாக்கிக்கு 1 மி.மீ. சரியாக அமைந்தது. 2 மி.மீ. வைத்தால் குறிகள் நெருக்கமாகவே விழுந்தன, ஆனால் மொத்தமும் கீழே. பெல்லட் ஏற்கெனவே பேரலின் உள்சுவரில் வெட்டின சுருள் வரிகளில் கடித்து உட்கார்ந்திருப்பதால், காற்றழுத்தம் முழுசாக ஏறும் முன்பே நகர்ந்துவிடுகிறது. வேகம் குறைகிறது என்பது என் கணிப்பு. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் சுமார் 17 மி.மீ. இறங்கும், 160 என்றால் 19. போட்டி அட்டையில் ஒரு வளையத்தின் அகலம் 2.5 மி.மீ.தான், பத்தாம் புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மி.மீ. அந்த 2 மி.மீ. இறக்கம் அங்கே பெரிய இழப்பு. விரலால் ஒவ்வொரு பெல்லட்டையும் ஒவ்வோர் ஆழத்தில் வைத்துவிட்டு மூச்சைக் குறை சொன்ன நாட்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இதைக் கேட்டு ரைபிள் தோட்டாவுக்கும் அப்படியே என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே குண்டு ஆழமாக இறங்கினால் மருந்து இருக்கும் தோட்டாக் கூட்டுக்குள் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும், அது ஆபத்து.

பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று டின் மாறினால் பிடிப்பும் மாறுகிறது. அதனால் புது டின் திறக்கும்போதெல்லாம் மூன்று குச்சியையும் மறுபடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை சுடுகிறேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைப்பதில்லை, குச்சி மூக்கெல்லாம் ஈயக்கறை.