கருவ முள்ளுக்கு எது தாங்கும்: டியூபா, டியூப்லெஸ்ஸா?

ராமேஸ்வரத்திலிருந்து பரமக்குடி, மதுரை, வத்தலக்குண்டு வழியாகத் தாண்டிக்குடி மலைக்குத் தனியாகச் சைக்கிளில் போக நினைப்பவர்கள், கேரியர், பை எல்லாம் முடிவான பிறகும் டயரில் வந்து தடுமாறுவார்கள். உள்ளே டியூப் போடுவதா, டியூபே இல்லாத டியூப்லெஸ்ஸாக மாற்றி, ஓட்டையை அடைக்கும் பால் போன்ற சீலன்ட் ஊற்றுவதா?

நான் டியூப் பக்கம். ஓட்டத்தில் இலகு, குறைந்த காற்றில் மெத்தென்று போவது இரண்டிலும் டியூப்லெஸ்தான் மேல். அதில் வாதாட ஒன்றுமில்லை.

முள்ளிலும் முதல் சுற்று டியூப்லெஸ்ஸுக்கே. நம் கரையோரத்தில் ரோட்டை விட்டு மணலில் இறங்கினால் நெருஞ்சி ஒட்டும். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிய வண்டி போன வழியெல்லாம் கருவக் கிளை சிதறிக் கிடக்கும். நெருஞ்சி குத்தினால் சீலன்ட் பால் துளி வெளியே வந்து உறைந்து அடைத்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. மண்டபத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போய் அன்றே வீடு திரும்புபவர் தாராளமாக டியூப்லெஸ் போடலாம்.

பல நாள் தனிப்பயணத்துக்குக் கணக்கு வேறு. 40 மி.மீ. அகலமுள்ள 700×40 டயருக்கு 60 முதல் 90 மி.லி. சீலன்ட் பிடிக்கும். அது வெயிலில் சீக்கிரம் காயும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள்; சளசளவென்று கேட்கவில்லையென்றால் உள்ளே ரப்பர் தோல்தான் மிச்சம். வழியிலுள்ள பஞ்சர் கடைகளில் சீலன்ட் கிடைக்காது, பாட்டிலைச் சுமந்துதான் போக வேண்டும். டயர் ரிம்மை விட்டு விலகிவிட்டால் கைப்பம்ப் பெரும்பாலும் போதாது. பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர் வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கு அடாப்டரும் வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னை டியூப் பக்கம் தள்ளியது பனங்கருக்கு. ரோட்டோரம் விழுந்து கிடக்கும் மட்டையின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். டயரின் பக்கவாட்டில் உரசினால் ஒரு சென்டிமீட்டருக்குக் கிழித்துவிடும். அந்தக் கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. ஓட்டையை அடைக்கும் ரப்பர் பிளக் திணித்தாலும் மெல்லிய பக்கவாட்டில் நிற்பது அபூர்வம். கடைசியில் உள்ளே டியூப் போட்டுத்தான் ஊர் போய்ச் சேர வேண்டும். சிக்கலே அப்போதுதான் தொடங்கும். அதுவரை சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்த முள்முனைகள் எல்லாம் டயரின் உட்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பாலைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்காமல் டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும். நிழலில்லாத ரோட்டில், பிசுபிசுத்த கையோடு இருபது முள்ளைத் தேடுவது பெரிய பாடு.

டியூப் இருந்தால் பஞ்சர் அடிக்கடி வரும், ஆனால் ஒரு முள்ளுக்கு ஒரு பஞ்சர், அதோடு சரி. டயரில் எழுத்து இருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டிப் பழகுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால், டயரில் முள் இருக்கும் இடம் உடனே தெரியும். விரலால் தடவினால் முனை கையில் ஏறும். துணியால் தடவுங்கள், நூல் சிக்கும் இடத்தில் முள். வெளியே ஒடிந்துபோனதை டயரை மடக்கிப் பிளந்து நகவெட்டியால் இழுங்கள்.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே பிளாஸ்டிக் லைனர் போட்டால் நெருஞ்சி பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அதன் இரு முனையும் டியூபைத் தேய்த்தே ஓட்டை போடும். முனைகளை வட்டமாக வெட்டி, டேப் சுற்றி, டியூபுக்குப் பவுடர் தூவி மாட்டுங்கள். பனங்கருக்குக் கிழிசலுக்குப் பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்தால் போதும், அதே டியூபில் கிளம்பலாம்.

டியூபின் பலவீனம் மலை இறக்கத்தில் தெரியும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் கொதித்து, ஒட்டிய பேட்ச் கிளம்பும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் ஆறவிடுங்கள். சொல்யூஷன் தடவியதும் ஈரம் போகும்வரை, ஐந்து நிமிடமாவது, காத்திருந்து ஒட்டியது ஓரளவு தாங்கும். அவசரத்தில் ஒட்டியதுதான் முதலில் கிளம்பும். மலை மழையில் டியூப்லெஸ்ஸை வாரக்கணக்கில் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே மட்டும் அதற்கு எதிராக உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஒட்டுப் போடாத இரண்டு டியூப் தனியாக வைத்திருங்கள். கருவக் காட்டில் அவற்றைத் தொடாதீர்கள். ஒட்டிய டியூபிலேயே மலையேறி, மலைமேலுள்ள பண்ணைக்காடு ஊரில் நின்று, இறங்குவதற்கு முன் முன்சக்கரத்துக்குப் புதியதை மாட்டுங்கள்.