ஒரே 1248 சிசி டீசல்: ஸ்விஃப்ட்டில் 75, எர்டிகாவில் 90 ஏன்?

பழைய டீசல் ஸ்விஃப்ட், முதல் தலைமுறை டீசல் எர்டிகா இரண்டின் பானெட்டையும் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே இன்ஜின்தான்: ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 1248 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு. மாருதி, டாடா, ஃபியட், செவர்லே என்று ஆளாளுக்குப் போட்டதால், 'இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின்' என்று பாதி கிண்டலாகவே பெயர் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்விஃப்டில் 75 குதிரை, எர்டிகாவில் 90. டாடா ஜெஸ்ட்டில் இன்னும் வேடிக்கை: ஒரே காரிலேயே அடிமட்ட எக்ஸ்இ மாடலுக்கு 75, மேல் மாடல்களுக்கு 90.

"சாஃப்ட்வேர்ல பூட்டி வச்சிருக்கான் சார், ரீமேப் பண்ணா 90 வந்துடும்" என்று சொல்பவர்கள் உண்டு. (ரீமேப் என்றால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது.) பாதிதான் உண்மை. முக்கியமான வித்தியாசம் டர்போவில் இருக்கிறது: வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி.

75 குதிரை வகையில் இருப்பது சாதா டர்போ. புகை போகும் வழியின் அளவை மாற்ற முடியாது. கீழ் சுற்றிலேயே (இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே) வேலை செய்யட்டும் என்று சின்னதாக வைத்தால், மேல் சுற்றில் மூச்சுத் திணறும். 90 குதிரை வகையில் இருப்பது விஜிடி, அதாவது அந்த வழியின் அளவை மாற்றிக்கொள்ளும் டர்போ. புகை சுழற்றும் சக்கரமான டர்பைனைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் திரும்பும். புகை குறைவாக வரும்போது வழியைக் குறுக்கி வேகத்தைக் கூட்டும், தோட்டத்து ட்யூபின் வாயை விரலால் அழுத்துவது போல. சுற்று ஏறியதும் வழியை அகலமாகத் திறந்துவிடும்.

இதன் விளைவை எண்ணில் பார்த்தால்தான் சுவாரஸ்யம். ஸ்விஃப்ட்டின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 190 நியூட்டன் மீட்டர், எர்டிகாவுக்கு 200. (மாருதி ஒட்டிய டிடிஐஎஸ் 190, டிடிஐஎஸ் 200 பேட்ஜ்கள் இதைத்தான் சொன்னன, குதிரைசக்தியை அல்ல.) வெறும் 10 வித்தியாசம். அப்புறம் 15 குதிரை எங்கிருந்து வந்தது? டார்க்கை நிமிடத்துக்கான சுற்றால் (ஆர்பிஎம்) பெருக்கி, சுமார் 7024ஆல் வகுத்தால் வருவது குதிரைசக்தி. இரண்டு இன்ஜினும் உச்ச சக்தியைத் தருவது 4000 ஆர்பிஎம்மில். திருப்பிக் கணக்குப் போட்டால், அந்தச் சுற்றில் ஸ்விஃப்ட்டிடம் மிஞ்சியிருப்பது 132 நியூட்டன் மீட்டர், எர்டிகாவிடம் 158. அதாவது உச்ச டார்க்கில் இரண்டும் அண்ணன் தம்பிதான். மேலே போகப்போக ஸ்விஃப்ட் சீக்கிரம் களைத்துவிடுகிறது.

ஃபியட் லீனியா இதே விஜிடியோடு பின்னாளில் 93 குதிரை, 209 நியூட்டன் மீட்டர் காட்டியது. இந்த அளவு வித்தியாசம் ட்யூனிங்கிலேயே வந்துவிடும். ஆனால் சாதா டர்போவை ரீமேப் பண்ணி 90ஐத் தொட நினைத்தால் காற்றுதான் இடிக்கும். காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை, டர்போவில் சூடு, கிளட்சுக்குக் கூடுதல் வேலை. நடு சுற்றில் பிக்கப் கூடும் என்பதை மறுக்கவில்லை. அதோடு திருப்திப்பட்டுக்கொண்டால் சரி.

இன்னொரு கணக்கை யாரும் போடுவதில்லை. ஸ்விஃப்ட் சுமார் 1,080 கிலோ. எர்டிகா 1,230க்கு மேல். டன்னுக்கு எத்தனை குதிரை என்று பார்த்தால் ஏறக்குறைய 70, 73. ஏழு பேரை ஏற்றினால் எர்டிகாவின் அந்தக் கொஞ்ச லாபமும் போச்சு. 90 குதிரையை நிஜமாக அனுபவிக்க வேண்டுமானால் சியாஸ் மாதிரி எடை குறைந்த கார்தான் வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிகள் வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது, ஆகவே இனி எல்லாம் செகண்ட் ஹேண்ட் பேச்சுதான். தினமும் டவுனுக்குள் ஓட்டுபவருக்கு என் ஓட்டு 75க்கே. 2000 சுற்றுக்குக் கீழே இரண்டுமே கொஞ்சம் தூங்கும், அதற்கு மேல் நகரத்தில் பெரிதாக எதுவும் தேவைப்படாது. மெதுவாகவே ஓடும் விஜிடியின் தகடுகளில் கரி படிந்து இறுகிக்கொள்ளும் தொல்லையும் சாதா டர்போவுக்கு இல்லை. நாலுவழிச் சாலையில் லோடோடு லாரியை ஓவர்டேக் பண்ணும் வாழ்க்கை என்றால், யோசிக்காமல் 90. வாங்கும் முன் மூன்றாம் கியரில் 1500லிருந்து 3500 வரை ஒரே மூச்சில் மிதித்துப் பாருங்கள். நடுவில் இழுவை திடீரென்று அறுந்தாலோ, பின்னால் கரும்புகை கிளம்பினாலோ, டர்போவைக் கழற்றிப் பார்க்கும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.