அரக்குச் சிவப்பு கேட்டேன், செங்கல் நிறம் வந்தது

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஆரி வேலை, கல்யாண பிளவுஸ் தைக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவருக்கு ஆன்லைனில் ஒரு கேன்வாஸ் பிரிண்ட் வாங்கினேன். சட்டத்தோடு 1,640 ரூபாய். லவீனியா ஃபொன்டானா என்ற இத்தாலியப் பெண் 1580 வாக்கில் வரைந்தது. படத்தில் இருக்கிறவளுக்குத் தலைப்பில்கூடப் பெயர் கிடையாது, ‘பிரபு குலப் பெண் ஒருத்தி’, அவ்வளவுதான். அசல் வாஷிங்டனில், பெண் கலைஞர்களுக்கென்றே உள்ள மியூசியத்தில் இருக்கிறது.

மகள் போனில் காட்டினபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தேன். தையல்காரி புத்தி. லவீனியாவின் ஊரான பொலோனியாவில் அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்புதானாம், அதனால் இது முகூர்த்த உடுப்பாக இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வெள்ளையும் உண்டு, சிவப்பும் உண்டு. காலையில் கசவு செட்டுக்கு பிளவுஸ் வெட்டுவேன், மத்தியானம் அரக்குக் கூறைச்சேலைக்கு. ஆசையே அந்தச் சிவப்புக்காகத்தான்.

வந்தது செங்கல் நிறம்! பகலில் வாசல் வெளிச்சத்தில் பரவாயில்லை, டியூப்லைட் போட்டால் காவி அடிக்கிறது.

அடுத்தது அளவு. அசல் 115 சென்டிமீட்டர் உயரம், 89.5 அகலம். அப்படியானால் 24 அங்குல உயரத்துக்கு அகலம் கிட்டத்தட்ட பதினெட்டே முக்கால் அங்குலம் வரவேண்டும். இவர்கள் 24க்கு 16 அடித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அங்குலம் அறுத்துப் போட்டுவிட்டார்கள். நான் ஒரு கஸ்டமருடைய துணியில் இப்படிக் கை வைத்தால் சும்மா விடுவார்களா? போன் பண்ணினால், “சைஸ் நீங்க செலக்ட் பண்ணதுதானே மேடம்” என்கிறான் ஒரு பையன். ஓரம் போகும் என்று எங்கேயும் எழுதவில்லையே தம்பி என்றேன். திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

ஆனாலும் கழற்றிவைக்க மனசு வரவில்லை. நகைகள் நன்றாக விழுந்திருக்கின்றன, முத்துக்கு முத்து எண்ணலாம். இடுப்பிலிருந்து கீரி மாதிரி ஒரு பிராணியின் ரோமத்தோல் தொங்குகிறது, அதன் தலைக்கும் நகை. பிள்ளைப்பேறுக்கு ராசி என்று போட்டுக்கொள்வார்களாம். பக்கத்தில் குட்டி நாய், கற்புக்கு அடையாளம். மாப்பிள்ளை பக்கத்துக்கு என்ன அடையாளம் வைத்தார்கள் என்று மகளிடம் கேட்டேன், சிரிக்கிறாள்.

லவீனியாவுக்கு 11 பிள்ளைகள். அவர் படம் வரைந்து சம்பாதிக்க, புருஷன் கூடமாட வேலைக்கு நின்றாராம். பொலோனியாவின் பெரிய வீட்டுப் பெண்கள் இவரிடம்தான் வரைந்துகொள்ள வருவார்களாம். வராமல்? நகையையும் துணியையும் இப்படிப் போட்டுத் தந்தால் நானும்தான் வரிசையில் நிற்பேன்.

கடைக்கு வந்த ஒரு சேச்சி கும்பிடப்போய், “இது மாதாவோ?” என்று கேட்டார். இன்னொரு அம்மா மகளின் பிளவுஸுக்குப் படத்தில் இருக்கிற கை மாதிரியே வேண்டுமென்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்று நட்சத்திரம். வாங்குகிறவர்கள் 18க்கு 14 கேளுங்கள், அதில் ஒரு நூல்கூட அறுபடாது. ஆணியும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் அனுப்பினது சட்டத்தின் கனத்துக்கு வளைந்துவிட்டது.