களுவாஞ்சிகுடி வீட்டில் பன்னிரண்டு வருடம்

2012 ஆவணியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில், பிரதான வீதியிலிருந்து ஆற்றுப் பக்கமாக (வாவியைத்தான் இங்கே ஆறு என்போம்) இறங்கும் ஒழுங்கையில் இருபது பேர்ச் (அரைக்கால் ஏக்கர்) வளவு. மூன்று அறை, மண்டபம், குசினி, கிழக்குப் பார்த்த விறாந்தை. இந்தப் பக்கம் வளவு தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்பதால், இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல்தரை. இரண்டு பக்கமும் உப்பு. மாரியில் மணலுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர், கனம் குறைவு என்பதால் அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. எங்கள் கிணற்றில் ஊறுவது அதுதான். அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர். வேகமாக இழுத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். இது தெரியாமல், வந்த சூட்டோடு கிணற்றை ஆழமாக்கிப் பெரிய மோட்டர் பூட்டினோம். புரட்டாதியில் தேத்தண்ணீர் கரித்தது. பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் நின்று, "தம்பி, மோட்டரைக் கனநேரம் ஓடவுடாதகா, மறுகா உப்புத்தான் ஏறும்" என்றார். தோண்டிய இரண்டடியையும் திரும்ப மணல் போட்டு நிரப்பினோம். சின்ன மோட்டர் மாற்றி, காலையில் கால் மணி, பின்னேரம் கால் மணி என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாரி கழிந்த பிறகுதான் பழைய ருசி வந்தது.

வீட்டில் மனம் நிறைந்து சொல்லக்கூடியது ஓட்டுக் கூரையும் விறாந்தையும். வைகாசிக்குப் பிறகு கச்சான் எழும்பும். மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி இங்கே இறங்குகிற காற்று அது. காலை பத்து மணிக்கு மேற்கு யன்னல்களைச் சாத்தினால் பின்னேரம் கடற்காற்று திரும்பும்வரை திறப்பதில்லை. அந்த நேரத்திலும் மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கலாம். பின்னால் கூட்டிக் கட்டிய அறைக்குக் காசு மிச்சம் பிடித்து ஓட்டுக்குப் பதிலாக சீற் போட்டோம். கச்சான் காலத்துப் பகலில் அதற்குள் பிள்ளைகள் கால் வைக்கமாட்டார்கள். அங்கேயும் ஓடே போட்டிருக்க வேண்டும். 1978 சூறாவளியைக் கண்ட மாமி சொல்லித்தான் தென்னைகளைக் கூரையை விட்டு நன்றாகத் தள்ளி நட்டோம்.

குசினிச் சுவரில் ஒரு சாண் உயரத்தில், நூல் பிடித்தது போல மண்ணிறக் கோடு ஒன்று இருந்தது. பெயின்ற் அடித்தும் சில மாதத்தில் திரும்பத் தெரிந்தது. 2011 தை வெள்ளம் நின்ற மட்டம் அது. வீடு காட்டியவர் சொல்லவில்லை. வளவு ஆவணி வெயிலில் காய்ந்து கிடந்ததால் நாங்களும் கேட்கவில்லை. 2014 மார்கழியில் ஆறு நிரம்பி நிலத்தடித் தண்ணீரும் ஏறியபோது மலக்குழி தண்ணீரை உள்வாங்கவில்லை. நான்கு நாள் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். வெள்ளம் கடலுக்கு வடிய, கல்லாற்றில் ஆற்றுவாய் மணலை வெட்டியாயிற்றா என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பிறகு குழியை உயர்த்தி, கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளிப் புதிதாகக் கட்டினோம். வளவு பார்க்க வருகிறவர்கள் மார்கழியில் ஒருமுறை வந்து தரையைப் பாருங்கள். புரட்டாதியில் ஒருமுறை வந்து கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.

சுற்றாடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆதார வைத்தியசாலை, சந்தை, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் பஸ், எல்லாம் கிட்ட. ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) ஏறி அக்கரை போவோம். மோட்டார் சைக்கிளும் ஆட்களும் நெருங்கி நிற்க, பாதை மெல்ல நகரும்போது பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

போன மாதம் குசினிக்குப் பெயின்ற் அடித்தோம். அந்தக் கோடு உள்ள இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்துக் காணியைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு அதைக் காட்டுகிறேன்.