மிச்சிகனா, ஓஹையோ ஸ்டேட்டா: எந்தத் தோல்வி அதிக வயிற்றெரிச்சல்?

2022 டிசம்பர் 31. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஜென்மப் பகையாளிகளான இரண்டு அணிகள் ஒரே நாளில், வேறு வேறு ஊர்களில், தேசிய அரையிறுதி ஆடின. அரிசோனாவின் கிளெண்டேலில் மிச்சிகன், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திடம் (டி.சி.யு.) 51-45 என்று தோற்றது. நாலு மணி நேரம் கழித்து, அட்லாண்டாவில் ஓஹையோ ஸ்டேட், ஜார்ஜியாவிடம் 42-41 என்று தோற்றது. இரண்டும் ஜெயித்திருந்தால் இறுதிப் போட்டியில் இவை இரண்டுமே மோதியிருக்கும். 1897-இல் தொடங்கிய பகையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

இரு தரப்பு ரசிகர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் இன்றைக்கும் சண்டை இதுதான்: யாருடைய தோல்வி பெரிய தோல்வி? நான் ஓஹையோ ஸ்டேட் பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒருதலைப்பட்சம் என்று யாரும் வரக்கூடாது. என் கட்சிக்காரர்களுக்கு என் தீர்ப்பு பிடிக்காது என்பதும் தெரியும். வலி எங்களுக்கு அதிகம். எரிச்சல் மிச்சிகனுக்குத்தான் அதிகம். இரண்டும் ஒன்றல்ல.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: இது ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு, நீள்வட்டப் பந்தை ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது. நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி; அதன்பின் கிடைக்கும் ஓர் உதையைப் போட்டால் இன்னும் ஒன்று. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. சீசன் முடிந்ததும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் நடப்பவை பௌல் ஆட்டங்கள். முன்பெல்லாம் அவை நல்ல சீசனுக்குக் கிடைக்கும் கௌரவம், அவ்வளவுதான். 2014 சீசனிலிருந்து அவற்றில் இரண்டை முறை வைத்துத் தேசிய அரையிறுதியாக்கினார்கள். 2022-இல் அந்த முறை ஃபியஸ்டா பௌலுக்கும் பீச் பௌலுக்கும் வந்தது.

மிச்சிகன் ஃபியஸ்டா பௌலுக்குப் போனது 13-0 என்ற கணக்கோடு, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லை. எதிரே டி.சி.யு., முந்தைய சீசனில் 5-7 என்று முடித்த அணி. புதுப் பயிற்சியாளர் வந்து ஒரே வருஷத்தில் தூக்கி நிறுத்தியிருந்தார், இருந்தாலும் பந்தயக்காரர்கள் மிச்சிகன் ஒரு டச்டவுனுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் முயற்சியிலேயே மிச்சிகனின் டோனவன் எட்வர்ட்ஸ் 54 யார்டு ஓடினார். சில நிமிடத்தில் எல்லைக்கோட்டுக்கு 2 யார்டு தூரம், நாலாவது வாய்ப்பு. உதைத்து 3 புள்ளியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இல்லையா, நேராக முட்டி உள்ளே போயிருக்கலாம். அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த முன்வரிசை என்று விருது வாங்கியது மிச்சிகனின் முன்வரிசைதான். இரண்டையும் விட்டுவிட்டு, பந்தைக் கைமாற்றி எதிரணியை ஏமாற்றும் ஒரு வித்தையைக் காட்டப் போனார்கள். பின்னுக்குத் தள்ளப்பட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இரண்டாவது கால் பகுதியில் மிச்சிகனின் ரோமன் வில்சன் நீளமான பாஸ் ஒன்றைப் பிடித்தபடி எல்லைக்கோட்டருகே விழுந்தார். டச்டவுன் என்று கை தூக்கிய நடுவர்கள், ரீப்ளே பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். அதைப் பற்றி மிச்சிகன்காரர்கள் இன்னும் புலம்புவார்கள். ஆனால் பந்து எல்லைக்கோட்டை ஒட்டித்தானே கிடந்தது! அடுத்த முயற்சியிலேயே அதைக் கைமாற்றும்போது நழுவவிட்டார்கள். உள்ளே உருண்டதை டி.சி.யு. அமுக்கிக்கொண்டது.

இதற்கு நடுவே மிச்சிகனின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஜே.ஜே. மெக்கார்த்தி வீசிய இரண்டு பந்துகளை டி.சி.யு. ஆட்கள் இடைமறித்து நேராக எதிர் எல்லைக்கே ஓடிவிட்டார்கள். ஒன்று 41 யார்டு, இன்னொன்று 29. எதிரணியின் ஆக்கப் படை களத்தில் கால் வைக்காமலே அவர்களுக்கு 14 புள்ளி. எல்லைக்கோட்டின் வாசலில் மிச்சிகன் கோட்டை விட்டவை இரண்டு முறை. கடைசியில் தோற்றது 6 புள்ளியில். கணக்கைப் பார்த்தால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதோடு போயிருந்தால் ரசிகன் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பான். அதற்கும் விடவில்லை. பாதி ஆட்டத்தில் 21-6 என்று கிடந்தவர்கள் மூன்றாவது கால் பகுதியில் திடீரென்று விழித்துக்கொண்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் இரு அணிகளும் சேர்ந்து 44 புள்ளி. மிச்சிகன் நெருங்கும், டி.சி.யு. தள்ளிப் போகும், மறுபடி நெருங்கும். டி.சி.யு.வின் குவென்டின் ஜான்ஸ்டன் ஒரே பாஸில் 76 யார்டு ஓடி அதற்கு ஒரு முடிவு கட்டினார். கடைசி வாய்ப்பில் மிச்சிகனின் ஸ்னாப்பே, அதாவது ஆட்டத்தைத் தொடங்க முன்வரிசையிலிருந்து பின்னால் தரும் பந்தே, ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. பின்பாதியில் மட்டும் 39 புள்ளி எடுத்த அணி தோற்றதைப் பார்க்கும்போது, இதை முன்பாதியில் செய்ய என்ன கேடு என்று கேட்கத் தோன்றுமா தோன்றாதா?

எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். ஓஹையோ ஸ்டேட் அந்த அரையிறுதிக்கு வந்ததே பின்வாசல் வழியாகத்தான். நவம்பர் கடைசியில் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 45-23 என்று உதை வாங்கியிருந்தோம். அடுத்த வாரம் யூட்டா, யு.எஸ்.சி.யைத் தோற்கடித்ததால் அரையிறுதிக்கான நாலு இடங்களில் நாலாவது காலியானது. எதிரே நடப்புச் சாம்பியன் ஜார்ஜியா, 13-0, அதுவும் அவர்கள் மாநிலத்திலேயே. எதிர்பார்ப்பு குறைவு. சாயங்காலம் மிச்சிகன் தோற்ற சந்தோஷம் வேறு. அந்த மனநிலையில் டிவி முன் உட்கார்ந்த ஓஹையோ ரசிகனுக்கு அன்று நடந்தது முழுக்க உபரி லாபம்.

எங்கள் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் அப்படி ஆடி யாரும் பார்த்ததில்லை. 348 யார்டு, நாலு டச்டவுன், ஒரு இடைமறிப்புகூட இல்லை. நெருக்கடி வந்தால் ஓட மாட்டார் என்று அவர்மேல் இரண்டு வருஷமாக ஒரு குறை இருந்தது, அன்று அதுவும் போயிற்று. நாலாவது கால் பகுதி தொடங்கும்போது 38-24 என்று முன்னிலை.

சரிந்தது எங்கே என்று கேட்டால் நான் மூன்று இடத்தைச் சொல்வேன். முதலாவது, மூன்றாவது கால் பகுதியின் முடிவில் எங்கள் மார்வின் ஹாரிசன் ஜூனியர் எல்லைக்குள் பந்துக்காகத் தாவியபோது வாங்கிய அடி. தலைப்பகுதியில் மோதியதாக முதலில் தண்டனைக் கொடி விழுந்தது, ரீப்ளே பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். டச்டவுனுக்கு வாய்ப்பிருந்த இடத்தில் ஃபீல்ட் கோலோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. அதுவரை 106 யார்டு, இரண்டு டச்டவுன் என்று ஜார்ஜியாவைப் படுத்தி எடுத்த ஆள், தலையில் அடி என்று மேற்கொண்டு ஆடவே இல்லை. இரண்டாவது, பன்ட் செய்வதுபோல், அதாவது பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துக் கொடுப்பதுபோல், பாவனை காட்டி நாங்கள் ஓட முயன்றது. ஸ்னாப் போவதற்கு ஒரு நொடி முன்னால் ஜார்ஜியா பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் டைம் அவுட் கேட்டுவிட்டார். அந்த ஓட்டம் பலித்தது, ஆனால் செல்லாது. பந்தை உதைத்துக் கொடுத்தோம். கையில் வாங்கியதும் ஜார்ஜியா 76 யார்டு பாஸ் போட்டு டச்டவுன் எடுத்தது. தடுக்க வேண்டியவர் கால் வழுக்கி விழுந்திருந்தார்.

மூன்றாவதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. 54 நொடி மீதி இருக்கும்போது ஜார்ஜியா 42-41 என்று முன்னேறியது. ஸ்ட்ரௌட் 27 யார்டு ஓடி ஜார்ஜியாவின் 31-ஆவது யார்டுக்குப் பந்தைக் கொண்டுவந்தார். அதன்பின் ஒரு யார்டுகூட முன்னேறவில்லை, நடுவில் ஓடிப் பார்த்ததில் ஒரு யார்டு போனதுதான் மிச்சம். உதைப்பவர் நோவா ரகில்ஸ். சில நிமிடம் முன்பு இதே ஆட்டத்தில் 48 யார்டிலிருந்து போட்டவர். இப்போது 50 யார்டு, கடிகாரத்தில் 3 நொடி. காலை விட்டுக் கிளம்பியதுமே பந்து இடப்பக்கம் சாய்ந்தது, கம்பத்தின் பக்கமே போகவில்லை. அதே நிமிடத்தில் கிழக்குக் கடற்கரையில் மணி பன்னிரண்டு அடித்துப் புத்தாண்டு பிறந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது தெரியும். அதற்கு நாடே வாணவேடிக்கை விடுவது எங்களுக்கு மட்டும்தான் நடந்தது.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நடுவர்கள் விஷயத்தில் எங்கள் வழக்கு பலமானது, சந்தேகமே இல்லை. ஹாரிசன் வாங்கிய அடியைப் பற்றி விதி தெரிந்தவர்களே இன்றும் இரண்டு கட்சி. மிச்சிகனுக்கு அந்த ரீப்ளே ஒன்று, கடைசி முயற்சியில் நடந்த மோதல் ஒன்று. அதையும் பார்த்துவிட்டுத் தவறில்லை என்று விட்டார்கள். இரண்டையும் சேர்த்தாலும், சும்மா கொடுத்த 14 புள்ளியை நடுவர் தலையில் கட்ட முடியாது.

நடுவரைத் திட்ட முடிகிற தோல்வி ரசிகனுக்கு ஒரு வசதி. யாரையாவது நோகலாம், நம் ஆட்களை நோக வேண்டாம். எங்களில் பலர் ரகில்ஸை நொந்தார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லூரி ஆட்டத்தில் 50 யார்டு என்பது நிச்சயமான தூரமே இல்லை. அவரை இன்னும் பத்து யார்டு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதது பயிற்சியாளர்களின் பொறுப்பு. இதைத் தவிர்த்தால் அன்றைய ஆட்டத்தில் நான் குறை சொல்ல அதிகம் இல்லை. நன்றாக ஆடி, நம்மைவிடச் சற்றே நன்றாக ஆடியவர்களிடம் ஒரு புள்ளியில் தோற்றோம். அழலாம், பல்லைக் கடிக்க முடியாது. மிச்சிகன் ரசிகனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி அவன் அணியின் மஞ்சளும் நீலமும்தான் உடுத்தியிருக்கிறான்.

ஜனவரி 9-ஆம் தேதி நிலைமை இன்னும் மோசமானது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இங்கிள்வுட்டில் நடந்த இறுதிப் போட்டியில் ஜார்ஜியா, டி.சி.யு.வை 65-7 என்று வதம் செய்தது. அதுவரை எந்தப் பௌல் ஆட்டத்திலும் அவ்வளவு வித்தியாசம் இருந்ததில்லை. அந்த 65-7ஐ எங்கள் ஆள் ஒருவன் பார்த்தால், இந்த ஜார்ஜியாவையா நாம் கடைசி உதை வரை இழுத்தோம் என்று நெஞ்சை நிமிர்த்துவான். மிச்சிகன் ஆள் பார்த்தால், இந்த டி.சி.யு.விடமா நாம் 51 வாங்கினோம் என்று தலையில் அடித்துக்கொள்வான். ஒரே ஸ்கோர்தான்.

மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு அது தொடர்ந்து ஆறாவது பௌல் தோல்வி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் ஃபுளோரிடாவை 41-7 என்று அடித்த பிறகு அதுவரை அவருக்குப் பௌல் வெற்றியே வாய்க்கவில்லை. ஒரு தோல்வி விபத்து என்றால் ஆறு தோல்விக்கு என்ன பெயர்?

பிற்பாடு என்ன ஆனது என்பதில் மட்டும் அவர்கள் எங்களை முந்திவிட்டார்கள், மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த சீசனில் 15-0. ரோஸ் பௌலில் அல்பாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20, இறுதியில் வாஷிங்டனை 34-13. அதுவும் அல்பாமாவின் கடைசி முயற்சியை எல்லைக்கோட்டருகே மறித்து ஜெயித்தார்கள். மெக்கார்த்தி தொடக்க ஆட்டக்காரராக 27 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்றில் தோற்றார். அந்த ஒன்று இதுதான். எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக மிச்சிகன்மேல் நடந்த விசாரணை பற்றி நான் இழுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன். நாங்கள் 2025 ஜனவரி 20 வரை காத்திருந்தோம். ரகில்ஸ் உதைத்த அதே அட்லாண்டா மைதானத்தில் நோட்ர டேமை 34-23 என்று வென்று கோப்பை வந்தது. கோப்பை வந்த பிறகு பழைய வலி குறைந்ததா என்றால், குறைந்தது. அந்த உதையை இப்போது முகம் சுளிக்காமல் பார்க்க முடிகிறது. மிச்சிகன் நண்பர்கள் அந்த இரண்டு யார்டு வித்தையை இன்னும் அப்படிப் பார்ப்பதில்லை.

ஆனால் இரண்டில் எது மோசம் என்று சண்டை போடுகிறவர்கள் மூன்றாவது வகை ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 29, டெக்சஸின் ஆர்லிங்டனில் காட்டன் பௌல். மிசௌரியிடம் நாங்கள் 14-3 என்று தோற்றோம். சீசன் முழுக்க ஆடிய குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் அதற்குள் வேறு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார். ஹாரிசன் ஆடவில்லை. மாற்று ஆளாக இறங்கிய டெவின் பிரௌன் காயம்பட்டு வெளியேற, அவருக்கு மாற்றாக முதல் வருஷப் பையன் ஒருவன் வந்தான். மூன்று கால் பகுதி 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு, நாலாவதில் இரண்டு டச்டவுன் விட்டுக்கொடுத்தோம். அதற்கு யாரைத் திட்டுவது? அடுத்த நாளே ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு இதைவிடப் பெரிய கொடுமை. 13-0 என்று இருந்தும் அரையிறுதிக்கான நாலு அணிப் பட்டியலில் இடம் தரவில்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடாமல் ஒதுங்கிவிட, மிச்சம் இருந்தவர்கள் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பெரிய பௌல் தோல்வி என்ற டி.சி.யு.வின் சாதனையும் அதோடு போயிற்று.

ஒதுங்கிய பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஹாரிசன் நாலு மாதத்தில் தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நாலாவது ஆளாகப் போனார். கோப்பை இல்லாத ஆட்டத்துக்காக முழங்காலைப் பணயம் வை என்று அவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? 2024-லிருந்து பன்னிரண்டு அணிகளுக்குக் கோப்பை வாய்ப்பு உண்டு. அதற்கு வெளியே மாட்டிக்கொண்ட பௌல்களில் ஆட்கள் ஒதுங்குவது குறையப்போவதில்லை. ஆனால் டிக்கெட்டும் விமானமும் ஹோட்டலும் முன்பணம் கட்டி வரும் ரசிகனுக்கு, யார் ஆடுவார்கள், யார் ஆட மாட்டார்கள் என்ற பட்டியலை ஒரு வாரம் முன்னால் கொடுக்கலாமே. ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் அதைப் படித்து என்ன பண்ணுவது?